ஏ9 இல் ஓடிப் பழகியவர்கள் மலையேறும்போது விடும் பிழைகள்

நான் பிறந்து வளர்ந்தது அட்டன் பக்கம், பெண் எடுத்தது யாழ்ப்பாணத்தில். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: "அத்தான், வெள்ளிக்கிழமை விடிய நாலு பைக்கில வெளிக்கிடுறம். பின்னேரம் நுவரெலியாவில நிப்பம்."

முதல் பிழை அந்த அழைப்பிலேயே இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77. கூட்டினால் நானூறுக்கு இரண்டு குறைவு. விடிய நாலரைக்குப் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மணிக்கு ஐம்பது அறுபதில் வந்தால் முடியாதா என்று கணக்குப் போடுகிறார்கள். மாங்குளம், வவுனியா, தம்புள்ளை வரைக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் ஓடும். மாத்தளை தாண்டியதும் பிசகத் தொடங்கும். கம்பளையை விட்டு ஏறத் தொடங்கினால் மணிக்கு இருபத்தைந்து, முப்பதுதான். கண்டியின் உயரம் சுமார் 500 மீற்றர், நுவரெலியாவினது 1,868. இடையிலுள்ள உயரத்தை முடக்கு முடக்காக ஏற வேண்டும். அந்தக் கடைசி 77 கிலோமீற்றருக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதற்கு முன் பத்து மணித்தியாலம் சீற்றில் இருந்து முதுகு விறைத்துப்போனவர் அந்த மூன்று மணித்தியாலத்தை எப்படி ஓட்டுவார்?

ஆறேகாலுக்கு இருட்டிவிடும். வழியிலுள்ள றம்பொடை முடக்குகளில் அந்த நேரத்துக்குத்தான் பனிமூட்டமும் இறங்கும். 2025 மே 11 அதிகாலை, அதே வீதியில் கெரண்டி எல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஆகவே முதல் நாள் கண்டியிலோ மாத்தளையிலோ படுங்கள். மறுநாள் விடிய ஆறு மணிக்கு எழும்பி ஏறினால் பத்து மணிக்கு நுவரெலியாவில் இருக்கலாம், கையும் காலும் வேலை செய்யும். மலைக்குள் வந்தபிறகும் ஒரு நாளைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். ஒரே நாளில் நுவரெலியா, எல்ல, அப்புத்தளை மூன்றையும் 'அடித்துவிட்டு' வந்தோம் என்பவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். முன்னால் போனவரின் பின் லைற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

தேயிலையைப் பார்த்து நாள் குறியுங்கள்

விடுமுறை எப்போது என்று பார்த்து நாள் குறிப்பது இரண்டாவது பிழை. மலைநாடு என்று ஒரே பெயர் இருந்தாலும் இங்கே மழை இரண்டு. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, அட்டன் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். வட்டவளை இந்த நாட்டின் ஆகக்கூடிய மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. அதே ஜூலையில் மலை முதுகைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இறங்கினால் வெயில். மேற்கே மழையைக் கொட்டிவிட்ட காற்று ஊவாப் பக்கம் வறண்டு வீசும். கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். டிசம்பரில் எல்லாம் தலைகீழ்: வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதை நினைவில் வைக்கத் தோட்டத்துக் கணக்கு ஒன்று உண்டு. ஊவாத் தேயிலை தரத்தில் உச்சத்துக்கு வருவது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. டிம்புள்ள, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வறண்ட காற்றில்தான் கொழுந்து மணம் பிடிக்கும். எந்தப் பக்கத்துத் தேயிலை ருசியாக இருக்கிறதோ அந்தப் பக்கத்து வீதியும் காய்ந்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருந்துவிட்டு இரண்டு மணிக்குமேல் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் வந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு பைக்கை நிறுத்திவிடுங்கள். ஏப்ரலுக்கு இன்னொரு தொந்தரவு: நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டம். வாகன நெரிசலில் கிளச் பிடித்தே இடது கை மரத்துவிடும்.

ஒக்டோபர், நவம்பரில் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29 இல். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளைப் பல இடங்களில் அறுத்துப் போட்டது. தொலைபேசியிலுள்ள வரைபடத்துக்கு இதெல்லாம் உடனே தெரியவராது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. மஞ்சள் என்றால் யோசியுங்கள். செம்மஞ்சள் என்றால் அறைக்குக் கட்டிய காசு போனாலும் பரவாயில்லை, வராதீர்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அழைத்தும் கேட்கலாம்.

ஏறுவதற்கல்ல, இறங்குவதற்குப் பயப்படுங்கள்

எல்லோரும் கேட்பது "என்ர பைக் ஏறுமா" என்றுதான். ஏறும். நுவரெலியா உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் எஞ்சினின் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். நூறு சீசீ பைக்கில் இரண்டு பேரும் பையுமாக வந்தால் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும், அவ்வளவுதான். கார்புரேற்றர் வண்டி கொஞ்சம் கரும்புகை விட்டாலும் பதறி ஸ்குரூவைத் திருகாதீர்கள். கீழே இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. தட்டையான ஊரில் பிரேக் என்பது நிற்பதற்கு. மலையில் அது நிற்காமல் உழைக்க வேண்டிய சாமான். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் இறக்கம். எல்லவிலிருந்து வெல்லவாய்க்கு 27 கிலோமீற்றருக்குள் சுமார் 850 மீற்றர். இந்தத் தூரம் முழுக்கப் பின் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் என் மச்சான் ஸ்கூட்டரில், பின்னால் கூட்டாளியை ஏற்றிக்கொண்டு லபுக்கலை தாண்டி இறங்கிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால். கருகின மணம் எனக்கு முதலில் வந்தது. ஏதோ லொறி என்று நினைத்தேன். அடுத்த முடக்கில் அவன் வேகம் குறையவில்லை. பிரேக்கைக் கைபிடியோடு ஒட்ட இழுத்திருக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. நல்ல காலம், அந்த இடத்தில் இடது பக்கம் மலை. வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் விட்டு, மண்ணில் உரசி நின்றான். முழங்கை தோல் உரிந்தது, கண்ணாடி உடைந்தது. இடது பக்கம் பள்ளமாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

மலை லொறிச் சாரதிகள் புதுப் பொடியன்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான்: ஏறிய கியரிலேயே இறங்கு. எஞ்சின் பிடித்து நிறுத்தட்டும், பிரேக் மிச்சத்தைப் பார்க்கட்டும். முடக்குக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒரு தடவை உறுதியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். உரசிக்கொண்டே வராதீர்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இருந்தால் வவுனியாவோடு அதை விட்டுவிட்டு வாருங்கள். ஸ்கூட்டர்காரருக்கு இங்கே பாடு கூட. கியர் இல்லாததால் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு, எல்லாப் பாரமும் பிரேக்கில்தான் விழும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் போதும், கடைக்கும் பஞ்சமில்லை. பிரேக் கட்டை பாதி தேய்ந்திருந்தால் ஊரிலேயே மாற்றுங்கள். தட்டையான ஊருக்கு ஆறு மாதம் போகும் கட்டை இங்கே ஆறு நாளும் போகாது.

குறுக்கு வழி

வரைபடம் பதினைந்து நிமிடம் மிச்சம் என்று நீல வழி ஒன்றைக் காட்டும். அது பெரும்பாலும் தோட்டத்து ரோட்டு. கொழுந்து லொறிக்கும் டிரக்டருக்கும் போட்டது. கல் பெயர்ந்து கிடக்கும், ஓரம் பிளந்திருக்கும், சில இடத்தில் கேற் பூட்டியிருக்கும், ஆள் வந்து திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். தார் ரோட்டில் மட்டும் ஓடிப் பழகியவர் அங்கே பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் திருப்பவும் முடியாது, பின்னுக்கு உருட்டவும் முடியாது.

கனடாவில் இருக்கும் மனைவியின் பெரியப்பா மகன் குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி ஓட்டுபவர். ஒன்ராறியோவில் இயந்திரத்தால் அமுக்கிச் சமப்படுத்திய பனிப் பாதையில், பெயர்ப்பலகை பார்த்து ஓடுவார். ஒரு தடவை மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குப் போனாராம். அவரது மாதிரி வண்டிக்கு அடியில் சுழலும் பட்டி குட்டை. ஆழமான பனியில் மிதக்காது, புதையும். மலைக்கென்று செய்யும் வண்டிக்குப் பட்டியும் நீளம், பல்லும் ஆழம். அதோடு பனிச்சரிவுப் பயம் வேறு. சமப்படுத்திய பாதையை விட்டு இறங்க மாட்டேன் என்று முடிவெடுத்து, அந்தப் பாதைகளையே வைத்து மூன்று நாள் திட்டம் போட்டாராம். "ஒரு குறையும் இல்லை, மலை முழுக்கக் கண்டேன்" என்றார். இங்கே வருபவர்களுக்கும் நான் சொல்வது அதுதான். கம்பளை வழியாக ஏறும் ஏ5, அட்டன் வழியாக வரும் ஏ7, அப்புத்தளை வழியாகப் போகும் ஏ16: இந்த மூன்றை வைத்தே நாலு நாள் ஓடலாம். லிப்டன் சீற் என்ற மலைக் காட்சியிடம் பார்க்க ஆசையா? அப்புத்தளையிலிருந்து தம்பத்தென்னைத் தொழிற்சாலைவரை பைக்கில் போங்கள். தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தொழிற்சாலை அது. அங்கிருந்து மேலே ஏழு கிலோமீற்றருக்கு ஓட்டோ பிடியுங்கள். ஓட்டோக்காரத் தம்பிக்கு ஒவ்வொரு குழியும் பெயர் சொல்லித் தெரியும்.

தார் போட்டிருந்தாலும் எல்லாக் குறுக்கு வழியும் நல்லதல்ல. நானுஓயாவுக்குக் கீழே ரதல்ல குறுக்கு வழி செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரியில் அங்கே பஸ், வான், ஓட்டோ மோதி ஏழு பேர் இறந்தார்கள். நாங்களே சுற்றித்தான் போவோம்.

சிவனொளிபாத மலைக்கு வருபவர்கள் டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைதான் பருவம் என்பதையும், பருவத்தில் மஸ்கெலியா வீதி இரவிலும் பஸ்களால் நிறைந்திருக்கும் என்பதையும் தெரிந்து வாருங்கள்.

ஹோட்டன் சமவெளி தனிக் கதை. அங்கே 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கு முன் நிற்க வேண்டும், பிறகு மூட்டம் மூடிவிடும். அதற்கு நுவரெலியாவிலிருந்து இருட்டில், கைவிரல் விறைக்கும் குளிரில் புறப்பட வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரம். பட்டிப்பொல ரோட்டில் மரை குறுக்கே நிற்கும். பைக்கை அறையில் விட்டுவிட்டு வான் பிடிப்பதில் ஒரு மானக்கேடும் இல்லை.

உடுப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றுப் புகாத ஜக்கெட், கையுறை, மேலும் கீழும் தனியாக உள்ள மழை அங்கி. யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குப் போடும் மெல்லிய துணிக் கையுறை நனைந்தால் வெறுங்கையைவிட மோசம்.

எதிரே வருபவர்கள்

பஸ் முடக்கில் திரும்பும்போது உங்கள் பாதி வீதியும் அதற்கு வேண்டும். ஹோர்ன் சத்தம் கேட்டால் கோபப்படாதீர்கள், அது "நான் வாறன்" என்ற தகவல். நீங்களும் கண்ணுக்குத் தெரியாத முடக்குக்கு முன் ஒரு தடவை அடியுங்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கு வழி விடுவது இங்கத்தைய வழக்கம். மரக்கறி லொறிக்குப் பின்னால் ஒட்டி வராதீர்கள். கழுவிய கரட்டும் லீக்சும் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், வெயில் நாளிலும் வீதி நனைந்திருக்கும். நிழலான முடக்குகளில் பாசி பிடித்திருக்கும். மூட்டத்தில் லைற்றை உயர்த்திப் போட்டால் உங்கள் முகத்துக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பும். தாழ்த்திய லைற்றே போதும்.

கூட்டமாக வந்தால் ஆகப் பழக்கமில்லாதவர் இரண்டாவதாக வரட்டும், அனுபவசாலி கடைசியில். பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்: நல்ல பைக்காரன் முன்னால் பறந்துவிடுவான், ஸ்கூட்டர் தம்பி பின்னால் தனியாகப் பிரேக்கை உரசிக்கொண்டு வருவான். ஒவ்வொரு சந்தியிலும் பின்னால் வருபவரைக் கண்ணால் கண்டபிறகு திரும்புங்கள்.

எல்லா முடக்கிலும் சிக்னல் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். பக்கத்திலுள்ள கிலோமீற்றர் கல்லைப் படித்துச் சொல்லுங்கள். "தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில்" என்று மச்சான் அன்றைக்குச் சொன்னான். எங்கள் ஊரில் எல்லா இடமும் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான்.