காரைக்குடிப் பக்கம் வேஷமும் கட்டி விழாவும் நடத்தப் போகிறீர்களா?

வேஷம் கட்டி வருகிற பணத்தில் மட்டும் வீட்டு வாடகை கொடுக்க முடியாது என்பதை காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாடகத்தில் இருக்கிற யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் விழாக் குழு, கலை மன்றம், கல்லூரிக் கலைவிழா என்று நிர்வாகத்திலும் ஒரு கால் வைக்க நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஸ்பெஷல் நாடகத்தை, அதாவது ஒரே கம்பெனியாக இல்லாமல் தனித்தனியாகப் பேசி வரவழைத்த நடிகர்கள் அந்த ஓர் இரவுக்குச் சேர்ந்து நடிக்கிற நாடகத்தை, மேடையின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி இன்னோர் ஊரிலிருந்து, ஒத்திகை என்ற பேச்சே கிடையாது, வள்ளி திருமணம் என்றால் அவரவர் பாடம் அவரவருக்குத் தெரியும், ஆர்மோனியக்காரரிடம் கட்டையை, அதாவது பாடப் போகிற சுருதியை, சொல்லிவிட்டு ஏறிவிடுவார்கள். இத்தனை பேரையும் ஒரே இரவில் ஒரே மேடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நிர்வாகம். பபூன் என்கிற நகைச்சுவை நடிகர் வரும் பஸ் வழியில் நின்றுவிட்டால் யாருக்குப் போன் போடுவது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

மைக்செட் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு இது நேராக இடிக்கும். அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளைக்கு மேல் இல்லை. கமிட்டிக்காரர்கள் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்பார்கள், நம்பாதீர்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்பே நேரத்தைப் பேசிவிடுங்கள், சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா நேரம் தவறாமைக்குப் பேர் போனது, அதுவும் இதே காரைக்குடியில்தான்.

கணக்கு. நகரத்தார் ஊரில் இருந்துகொண்டு ஐந்தொகை என்கிற இருப்புநிலைக் கணக்குப் போடத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். வண்டி வாடகை, பந்தல், டீ எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் போட்ட சீட்டுதான் எப்போதும் தொலைகிறது, அதைக் கையோடு படம் எடுத்து வையுங்கள்.

நீங்கள் பணம் பட்டுவாடா செய்கிற மேடையில் நீங்களே வேஷம் கட்டாதீர்கள், இலவசமாகக்கூட. நல்லாவே நடித்தாலும் ‘தனக்குத் தானே தேதி கொடுத்துக்கிட்டான்’ என்றுதான் பேச்சு வரும், அப்புறம் சக நடிகர்கள் உங்களிடம் சம்பளம் பேசவே கூசுவார்கள். பக்கத்து ஊர் மேடையில் தாராளமாக நடியுங்கள்.

உங்கள் படம் போட்ட நோட்டீஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள். கலை இளமணி தொடங்கி கலை முதுமணி வரை வயது வாரியாக மாவட்ட விருதுகள் இருக்கின்றன, விண்ணப்பிக்கும்போது எங்கே எப்போது நடித்தீர்கள் என்பதற்கு அதுதான் கையில் இருக்கும் சாட்சி.

கடைசியாகத் தேதி. மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாக்கள், அந்த மாதங்களை நடிப்புக்கு விட்டுவிட்டு நிர்வாகப் பொறுப்பைப் புரட்டாசிக்கு மேல் ஏற்றுக்கொள்ளுங்கள்.