காசில்லாத ஸ்கூல்ல மாற்றுத்திறனாளி பிள்ளைங்க உட்பட எல்லா பிள்ளைங்களையும் சேர்த்து பாடம் நடத்துறது எப்படி?

ஸ்பெஷல் டீச்சர் வந்தாதான் முடியும்னு உக்காந்திருந்தா பிள்ளைக்கு வயசுதான் போகும், இருக்கறத வச்சே ஆரம்பிங்க. காது சரியா கேக்காத பிள்ளைய முன்னாடி உக்கார வச்சா மட்டும் போதாது, நீங்க போர்டு பக்கம் திரும்பிக்கிட்டே பேசினா உதட்டப் பாத்து புரிஞ்சுக்கற பிள்ளைக்கு ஒண்ணுமே போய்ச் சேராது, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்னாலும் முகம் இருட்டாதான் தெரியும், அதனால எழுதி முடிச்சிட்டு திரும்பி நின்னு வாய்விட்டு படிங்க, பார்வை கம்மியான பிள்ளைக்கும் அதுதான் வேணும்.

வீல்சேருக்கு சாய்தளம் கட்டறதா இருந்தா 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விடுங்க. பேருக்கு செங்குத்தா கட்டி வச்சிருப்பாங்க பாருங்க, அதுல யாரு ஏறுவா? முடியலையா, கிளாஸையே கீழ் ரூமுக்கு மாத்துங்க, செலவே இல்ல. வீல்சேர் நுழையுமான்னு டாய்லெட் கதவையும் அளந்து பாத்துடுங்க.

அட்மிஷன் கிடையாதுன்னு யாராவது சொன்னா மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐநா உடன்படிக்கையில, படிப்பு உரிமையப் பத்தின 24வது பிரிவ எடுத்து காட்டுங்க.