ராத்திரி மாத்திரை: மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் பக்கம் வர நினைக்கும் இளம் டாக்டர்களுக்கு

ஒவ்வொரு வருஷமும் ஹவுஸ் சர்ஜன் ஒருவராவது என் அறைக் கதவருகே நின்று கேட்பார்: "மேடம், மெடிக்கல் ஹியூமானிட்டீஸ்ல இறங்கினா எந்த டிபார்ட்மென்ட்ல வேலை கிடைக்கும்?"

அந்தப் பெயரில் நம் ஊர்க் கல்லூரிகளில் பதவி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. நான் சம்பளம் வாங்குவது சமூக மருத்துவத் துறையில், பழைய ஆட்கள் எஸ்.பி.எம். என்பார்களே, அதில். அதற்கு முன்னால் மானாமதுரைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வருஷம் மெடிக்கல் ஆபீசர். நோயாளியின் பேச்சு, கதை, வாழ்க்கை இவற்றை வைத்து மருத்துவத்தைப் பார்க்கும் இந்தத் துறைக்குத் தமிழில் இன்னும் ஒட்டிய பெயர் இல்லை. 'மருத்துவ மானுடவியல்' என்றால் அது ஆந்த்ரபாலஜி ஆகிவிடும். அதனால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கம் என்னை இழுத்துவந்தது ஒரு பாட்டிதான்.

சுகாதார நிலையத்தில் இருந்தபோது இரண்டு வருஷம் அவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தேன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். சர்க்கரை இறங்கவில்லை. இரண்டு தடவை டோஸைக் கூட்டினேன். 'மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை' என்று சீட்டில் எழுதியும் வைத்தேன். பிறகு எம்.டி. சேர்ந்து, ஆய்வேட்டுக்காகக் கேள்வித்தாளோடு அதே தெருவுக்குப் போனேன். மாத்திரை போட மறந்ததுண்டா? "இல்ல." போன வாரம் மறந்ததுண்டா? "இல்லங்கிறேன்ல." எல்லாவற்றையும் டிக் அடித்து ஃபைலை மூடியபின் டீ கொடுத்தார். சும்மா பேச்சுவாக்கில், ராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்டேன்.

"ராத்திரி ஏது சாப்பாடு? ஒரு டீத்தண்ணி, ரெண்டு வறுக்கி. படுத்துருவேன்."

"அப்ப ராத்திரி மாத்திரை?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு நீங்கதான டாக்டரம்மா சொன்னீங்க. சாப்பாடே இல்ல, பெறகு மாத்திரை எங்க?"

அவர் மறக்கவே இல்லை. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். அவர் கையில் ராத்திரி மாத்திரை ஒரு டப்பா நிறைய இருந்தது. கேள்வித்தாளும் பொய் சொல்லவில்லை, மறதியைக் கேட்டது, மறதி இல்லை என்று வந்தது. என் ஆய்வேட்டில் அவர் ஒரு நம்பராகத்தான் போனார். அந்த உறுத்தலில்தான் அடுத்த ஆய்வைப் பேட்டி வழியாகச் செய்தேன்.

சரி, வழிக்கு வருவோம். முதலில் ஒரு தாய்த்துறையைப் பிடியுங்கள். எம்.டி. சமூக மருத்துவம், அல்லது குடும்ப மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு நிகரான டி.என்.பி. பட்டம், எதுவானாலும் மூன்று வருஷம். மனநல மருத்துவத்திலிருந்தும் இங்கே வந்திருக்கிறார்கள். முதுநிலைக்கு முன் ஓரிரு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பதை நான் வலியுறுத்துவேன். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலையில் ஒதுக்கீடு உண்டு என்பதற்காக அல்ல. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் கிடைக்காது. டாக்டர் அல்லாதவர்கள், அதாவது சமூகப்பணி, சமூகவியல், இலக்கியம் படித்தவர்கள், எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுநிலைப் படிப்பு வழியாக வரலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் அதை நடத்துகிறது.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே தொடங்க விரும்பினால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின், அதாவது ஐ.சி.எம்.ஆரின் குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. இரண்டு மாதம், ஒரு வழிகாட்டி, ஒரு சின்னக் கேள்வி. கேள்வி சின்னதாக இருக்கட்டும். 'தமிழகக் கிராமங்களில் நீரிழிவு' என்று ஆரம்பிக்கிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 'மாத்திரை தீர்ந்தும் ஒரு வாரம் கழித்து வருகிறவர்கள் ஏன் அப்படி வருகிறார்கள்' என்பது கேள்வி. குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் உங்களுக்குக் கொடுக்கும் வீடுகளை லாக்புக்குக்காக மட்டும் பார்க்காதீர்கள். அந்த வீடுகளுக்கு வருஷக்கணக்கில் போகப்போகிறீர்கள், இதைவிட நல்ல களம் அமையாது.

சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை முதுநிலையின் முதல் வருஷமே முடித்துவிடுங்கள். எப்படியும் முடிக்கத்தான் வேண்டும்.

இனி கேட்பது. இதுதான் தொழில், மற்றதெல்லாம் காகிதம்.

ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் நோயாளியிடம் கேட்க எட்டுக் கேள்விகளை 1978-இல் வெளியிட்டார்கள். இந்த நோய் ஏன் வந்ததென்று நினைக்கிறீர்கள், எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள் என்று போகும். அருமையான கேள்விகள். அப்படியே தமிழில் பெயர்த்துக் கேட்டால் என்ன பதில் வரும் தெரியுமா? "அது உங்களுக்குத்தான தெரியும், நீங்கதான டாக்டரு?" பேச்சு அங்கேயே முடிந்தது. பல தடவை மூக்குடைபட்டபின் நான் கண்டுபிடித்த வழி: "இதைப் பத்தி அக்கம்பக்கத்துல என்ன சொல்லிக்கிறாங்க?" என்று கேட்பது. மாத்திரை சூடு, கிட்னியைத் தின்றுவிடும், ஊசிக்குப் போனால் கடைசி என்று எல்லாம் கொட்டும். அத்தனையும் சொல்லிவிட்டு, "நான் அதெல்லாம் நம்புறதில்ல" என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வரியையும் பதிவு செய்யுங்கள்.

ஸ்டெதஸ்கோப்பைப் பையில் போட்டுவிடுங்கள். அது கழுத்தில் தொங்கினால் எல்லோரும் நல்ல நோயாளி ஆகிவிடுவார்கள். திண்ணையில் உட்காருங்கள், நாற்காலி போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுகாதார நிலையத்தில் வைத்துப் பேசுவதானால் செவ்வாய், புதன் போகாதீர்கள். செவ்வாய் கர்ப்பிணிகள் வரும் நாள், புதன் தடுப்பூசி நாள், உட்காரக்கூட இடம் இருக்காது. வீட்டுக்குப் போவதானால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் திரும்பி, குளித்து, சாப்பிட்டு முடிக்க மதியம் மூன்று மணி ஆகும்.

ஒப்புதல் படிவத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி, படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். என்னிடம் ஒரு தாத்தா, "ரேகை எதுக்கு? வீட்டுப் பத்திரமா?" என்று கேட்டு எழுந்தே போய்விட்டார். நியாயமான பயம். இப்போதெல்லாம் முதலில் பேரன் பேத்தி யாரையாவது அழைத்து, படிவத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். மாத்திரை கொடுக்கும் நர்ஸையோ 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரையோ சாட்சி ஆக்காதீர்கள். அவர்கள் முகத்துக்காகச் சம்மதிப்பது சம்மதம் ஆகாது.

பேசியதை எழுத்தாக்குவதுதான் முதுகை ஒடிக்கும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது. இருந்தும் முதல் ஐந்து பேட்டிகளையாவது நீங்களே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே அலசுங்கள், மேற்கோளை மட்டும் கடைசியில் ஆங்கிலமாக்குங்கள். நான் ஒருமுறை நேரமில்லையென்று மொழிபெயர்ப்பை வேறு ஊர்க்காரரிடம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் 'மேலுக்கு முடியல' என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம், மேல் என்றால் உடம்பு. அவரோ 'மேலே ஏற முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். பன்னிரண்டு பேட்டிகளில் எல்லோருக்கும் மாடிப்படி ஏறுவதில் சிரமம்! மூட்டு வலி என்று ஒரு தலைப்பே உருவாகியிருந்தது. அந்தத் தெருவில் மாடி வீடே கிடையாது.

அலசுவதற்கு பிரான், கிளார்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் விளக்கிய கருப்பொருள் பகுப்பாய்வு போதும், அதாவது பேச்சில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைத் தலைப்புவாரியாகத் தொகுப்பது. சாஃப்ட்வேர் வாங்கக் காசில்லை என்று யாரும் நிற்க வேண்டாம், நான் கலர் பென்சிலும் சார்ட் பேப்பரும் வைத்துத்தான் செய்தேன். கட்டுரை எழுதும் முன் பேட்டி ஆய்வில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று 2007-இல் வந்த கோரெக் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் 32 அம்சங்களில் பேட்டி எடுத்தவர் யார், பேசியவரோடு ஏற்கெனவே என்ன உறவு என்பதும் உண்டு. 'நான்தான் இவருக்கு இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தவள்' என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

கட்டுரையை இதழுக்கு அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். 'பதினான்கு பேரை வைத்து என்ன சொல்ல முடியும்?' என்று ஒரு மதிப்பீட்டாளர் எனக்கு எழுதினார். கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, புதிதாக ஏதும் வராத கட்டம் எந்தப் பேட்டியில் வந்தது என்று விளக்கி ஒரு பத்தி சேர்த்தேன், எடுத்துக்கொண்டார்கள். 1993 முதல் வரும் இந்திய மருத்துவ நெறியியல் இதழ் அனுபவக் கட்டுரைகளுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் ஒன்று: பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளைத்தான் எண்ணுவார்கள், நீங்கள் உருகி எழுதிய அனுபவக் கட்டுரையை எண்ணமாட்டார்கள். ஆகவே எண்ணிக்கைக் கணக்கு ஆய்வு ஒன்றும் இப்படிப்பட்ட பேட்டி ஆய்வு ஒன்றுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். சமரசம்தான், வேறு வழியில்லை.

பாடம் நடத்த இடம் கேட்டு அலைய வேண்டாம். 2019-இல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து ஏட்காம் வகுப்புகள், அதாவது டாக்டரின் மனப்பான்மை, நெறி, பேசும் முறை பற்றிய வகுப்புகள், எல்லாக் கல்லூரியிலும் உண்டு, எடுக்கத்தான் ஆள் இல்லை. கையைத் தூக்குங்கள். டெல்லி யு.சி.எம்.எஸ். கல்லூரியில் 2009-லேயே ஒரு குழு தொடங்கி, நாடகத்தையெல்லாம் வகுப்புக்குள் கொண்டுவந்தது. நான் நாடகம் போடுமளவுக்குத் துணியவில்லை. பாட்டி சொன்ன ராத்திரிக் கணக்கைப் பெயர் சொல்லாமல் வாசித்துவிட்டு, "தப்பு யாருடையது?" என்று மட்டும் கேட்பேன். முதல் பத்து நிமிஷம் எல்லோரும் பாட்டியைத்தான் சொல்வார்கள்.

ஆராய்ச்சி என்று வந்தபின் ஓ.பி.யை விட்டுவிடாதீர்கள். ஜூலியன் டியூடர் ஹார்ட் வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் டாக்டராக இருந்துகொண்டேதான் ஊர் மக்களின் ரத்த அழுத்தத்தையெல்லாம் அளந்து ஆய்வு செய்தார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் லான்செட்டில் எழுதினார்.

எனக்கு வியாழக்கிழமை ஓ.பி., எங்கள் கிராம மையத்தில். போன வாரம் ஒருவர் பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதாகச் சொன்னார். ஏனென்று கேட்டதற்கு, "தினம் போட்டா ஒடம்பு அதுக்குப் பழகிரும்ல" என்றார். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், மேலே கேட்க முடியவில்லை. நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். கண்மாய்க்கரைத் தெரு, வேப்பமரத்து வீடு, மூன்று மணிக்குமேல்.