சேஃப் சப்ளை ஆய்வில் ஒப்புதல் வாங்குவது எப்படி

பொது சுகாதாரம் படிக்கக் கனடாவின் வான்கூவர் வருகிறோம், படிப்பு முடிவதற்குள்ளேயே, வறுமைக்கும் போதைப்பொருள் பயன்பாட்டுக்கும் பெயர்போன டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதியில் நடக்கும் ஏதோ ஒரு ஆய்வில் உதவியாளர் வேலை கிடைக்கிறது, முதல் நாளே 12 பக்கப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்து "போய் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களிடம், அதுவும் சேஃப் சப்ளை பற்றிய ஆய்வுக்கு ஒப்புதல் கேட்பது, ரத்த அழுத்த மாத்திரை ஆய்வுக்குக் கேட்பது போல் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, செய்து செய்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

சேஃப் சப்ளை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஹெராயின் என்று விற்கும் சரக்கில் இன்று ஹெராயின் இருப்பதே அரிது. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபெண்டனில் இருக்கும், பல நேரம் பென்சோடையசெபின் என்ற தூக்க மருந்து வகையும் கலந்திருக்கும், எது எவ்வளவு என்று விற்கிறவருக்கே தெரியாது. ஓவர்டோஸ் சாவுகள் ஏறிக்கொண்டே போனதால் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரல் 14 அன்று பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அந்தச் சரக்குக்குப் பதிலாக, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்த ஒன்றை, பெரும்பாலும் ஹைட்ரோமார்ஃபோன் என்ற வலி மருந்து மாத்திரையை, மருத்துவர் எழுதிக் கொடுப்பதுதான் சேஃப் சப்ளை. கோவிட் வந்த 2020 மார்ச்சில் மாகாணம் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது.

நீங்கள் ஒப்புதல் கேட்கப் போகிறவருக்கு இந்த மாத்திரை உயிர்ப் பிரச்சினை. கையெழுத்து போட்டால்தான் மாத்திரை தொடரும் என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலே போதும், அவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்து போட்டுவிடுவார். அதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான்.

ஆய்வு முடிந்த மறுநாள் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரிடமும் படிவத்தை நீட்டாதீர்கள். அந்தப் பகுதியில் பழைய ஆட்கள் உங்களிடம் முதலில் கேட்பதே இதைத்தான், அதற்குக் காரணம் இருக்கிறது. 2005 முதல் 2008 வரை நயோமி என்ற ஆய்வு வான்கூவரிலும் மாண்ட்ரியலிலும் நடந்தது. 251 பேர், எல்லோரும் பல வருடம் ஊசி வழியாக ஹெராயின் எடுத்தவர்கள், வழக்கமான சிகிச்சையால் பலன் காணாதவர்கள். ஒரு பிரிவுக்கு மருந்துத் தர ஹெராயின், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான மாற்று மருந்தான மெத்தடோன், 25 பேருக்கு மட்டும் ஹைட்ரோமார்ஃபோன் கொடுத்தார்கள். 12 மாதம் கழித்துப் பார்த்தால் ஹெராயின் பிரிவில் சுமார் 88 சதவீதம் பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள், மெத்தடோன் பிரிவில் 54 சதவீதம். ஆய்வுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அந்த வெற்றியைக் கொடுத்த மனிதர்களுக்கு, மருந்தை மெல்ல நிறுத்துவதற்கென்று வைத்திருந்த 3 மாதமும் முடிந்ததும், அந்த மருந்து கிடைக்கவில்லை. 2011இல் அவர்களே ஒரு சங்கம் அமைத்து, தங்களுக்கு நடந்ததைத் தாங்களே ஆய்வு செய்து எழுதினார்கள், தங்களை அந்த ஆய்விலிருந்து பிழைத்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஓவர்டோஸிலிருந்து பிழைப்பதைக் கேட்டிருப்போம், ஒரு ஆய்விலிருந்து பிழைப்பது என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை, படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

அடுத்து வந்த சலோமி ஆய்வில் 202 பேர். இந்த முறை, முடித்து வெளியே வந்தவர்களுக்கு மருந்து தொடர வேண்டும் என்று மருத்துவர்கள் மத்திய அரசின் சிறப்பு அனுமதித் திட்டத்தில் (விற்பனைக்கு அனுமதி இல்லாத மருந்தைத் தனிப்பட்ட நோயாளிக்குக் கேட்டு வாங்கும் வழி) விண்ணப்பித்தார்கள், சிலருக்கு அனுமதியும் வந்தது, உடனே 2013 அக்டோபரில் மத்திய அரசு அந்த வழியையே அடைத்துவிட்டது. மருத்துவமனை நிர்வாகமும் 5 நோயாளிகளும் நீதிமன்றம் போய், 2014 மே மாதம் இடைக்கால உத்தரவு வாங்கிய பிறகுதான் மருந்து கிடைத்தது.

அதனால் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு விரும்பும் அந்த நீண்ட முன்னுரைக்கு மேலே, இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இந்த ஆய்வு இன்ன மாதம் முடிகிறது. முடிந்த பிறகு உங்கள் மருந்து இப்படித் தொடரும்" அல்லது "தொடரும் என்று எங்களால் உறுதி தர முடியாது." இரண்டில் எது உண்மையோ அது. காலக்கெடுவை எழுதிவிட்டோமே, அவரும் கையெழுத்து போட்டாரே என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு வருடம் முழுக்க விடியலில் சரக்கு தேடி அலையாமல் தூங்கி எழுந்தவருக்கு அந்தத் தேதி நெருங்கும்போது என்ன நடக்கும் என்பதை ஆரம்பத்திலேயே வாய்விட்டுப் பேச வேண்டும். மாற்று ஏற்பாடு எதுவுமே இல்லை என்றால் ஆய்வுத் தலைவரிடம் திரும்பிப் போய்க் கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, உங்கள் வேலையே அதுதான்.

யார் கேட்பது, எப்போது கேட்பது

மருந்து எழுதித் தரும் மருத்துவரோ, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் நர்ஸோ ஒப்புதல் கேட்கக் கூடாது. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி. கேட்கிற கையும் மருந்து கொடுக்கிற கையும் ஒன்றாக இருந்தால் "இல்லை" என்ற சொல் வாயில் வராது. முடிந்தால் அந்த வாழ்க்கையை வாழ்ந்த, அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் உங்களோடு இருக்கட்டும்; சம்பளம் கொடுத்து, முழு ஊழியராக. யார் சேர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்று கிளினிக்குக்குத் தெரியவே கூடாது. அப்படி மறைக்க முடியாத அமைப்பு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நேரம்தான் அடுத்த விஷயம். புதியவர்கள் பயப்படுவது போதையில் இருக்கிறவரைப் பற்றி. கண் சொருகித் தலை தொங்கிக்கொண்டிருந்தால் நிச்சயம் அப்போது கேட்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஓவர்டோஸை முறிக்கும் நலாக்சோன் மருந்து பையில் இருக்கட்டும். ஆனால் என் அனுபவத்தில் அதைவிடச் சிக்கலானது வித்ட்ராயல், அதாவது மருந்தின் வேகம் அடங்கி உடல் அடுத்த டோஸுக்குத் தவிக்கும் நிலை. வியர்வை, கொட்டாவி, வயிற்றுப் பிடிப்பு, கால் ஒரு இடத்தில் நிற்காது. அந்த நிலையில் ஒருவர் தெளிவாகத்தான் பேசுவார், எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டுவார், அவருக்கு வேண்டியது சீக்கிரம் முடிந்து பணம் கைக்கு வருவது மட்டுமே. தினமும் பயன்படுத்துகிறவருக்கு, டோஸ் எடுத்துக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் பெரும்பாலும் மனம் நிதானமாக இருக்கும். "இப்போ பேசலாமா, இல்லை மருந்து எடுத்துவிட்டு வருகிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. நிம்மதியாகத்தான் பார்ப்பார்கள்.

மாதம் ஒரு புதன்கிழமை அரசு உதவித்தொகை வரும். அன்றும் மறுநாளும் விட்டுவிடுங்கள், தெரு முழுக்க வேறு வேகத்தில் ஓடும்.

புரிந்ததா என்று கேட்காதீர்கள்

கேட்டால் "புரிந்தது" என்பார்கள், நாமும் அப்படித்தானே வங்கியில் சொல்கிறோம். அதற்குப் பதிலாக அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். "நாளைக்கு இந்த ஆய்வே வேண்டாம் என்று போய்விட்டால் உங்கள் மாத்திரைக்கு என்ன ஆகும்?" "நீங்கள் சொல்வதை யார் யார் பார்ப்பார்கள்?" "ஆய்வு முடிந்த பிறகு என்ன?" முதல் கேள்விக்கு "கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்" என்று இழுத்தால் அவருக்கு இன்னும் போய்ச்சேரவில்லை என்று அர்த்தம், மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் அது பங்கேற்பாளரின் குறையாக ஒரு நாளும் குறிக்காதீர்கள், நாம் சொன்ன விதம்தான் சரியில்லை. படிக்கத் தெரியுமா என்று கேட்டு யாரையும் கூனிக் குறுக வைக்க வேண்டாம், எல்லோருக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதையே வழக்கமாக்கிவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

ரகசியம் என்ற சொல்லை அளந்து பயன்படுத்துங்கள்

"நீங்கள் சொல்வது எல்லாம் முழு ரகசியம்" என்று சொல்லிவிடாதீர்கள். அது உண்மை இல்லை. அமெரிக்காவில் ஆய்வுத் தகவலை நீதிமன்ற உத்தரவிலிருந்து காக்க ரகசியச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, கனடாவில் அப்படி ஒரு கவசம் கிடையாது, நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு எடைபோட்டு முடிவு செய்யும். 1994இல் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், எய்ட்ஸ் நோயாளிகளின் கருணைச் சாவு பற்றித் தன்னிடம் பேசியவர்களைக் காட்டிக்கொடுக்க மரண விசாரணை அதிகாரியிடம் மறுத்து நின்றார், அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. எப்போதும் வரும் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. 2023 அக்டோபரில், பரிசோதித்த சரக்கைத் தன் உறுப்பினர்களுக்கு விற்று அதன் விளைவைப் பதிவும் செய்துவந்த டல்ஃப் அமைப்பின் இடங்களைப் போலீஸ் சோதனையிட்டு நிறுவனர்கள் இருவரையும் கைது செய்ததை அந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்தார்கள்.

ஆகவே காகிதத்தைக் குறையுங்கள். ஒரு மனிதரின் உண்மைப் பெயரையும் அவர் போதைப்பொருள் எடுப்பதையும் இணைக்கும் ஒரே ஆவணம் பல நேரம் அந்தக் கையெழுத்துப் படிவமே. கனடாவின் ஆய்வு நெறிமுறைக் கொள்கை வாய்மொழி ஒப்புதலை, அதை முறையாகப் பதிவு செய்தால், அனுமதிக்கிறது. நெறிமுறைக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம். ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பு தேவை என்று தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது இந்த மாகாணச் சட்டம். தாய்மார்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், பேட்டி பாதியில் போன பிறகு இல்லை. ஆய்வுக்குத் தேவை இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பற்றிய கேள்வியையே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பதிவேடு இணைப்பு. மருத்துவ அட்டை எண்ணை வைத்து ஒருவரின் மருந்து, மருத்துவமனை, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கலாம். அதில் பெரிய பயன் உண்டு: 2024இல் வெளியான பிரிட்டிஷ் கொலம்பியா ஆய்வு, சேஃப் சப்ளை மருந்து வாங்கிய 5,882 பேரின் பதிவுகளைப் பார்த்துத்தான் ஓபியாய்டு (ஹைட்ரோமார்ஃபோன் போன்ற மருந்து) கிடைத்தவர்களிடம் அடுத்த வாரச் சாவுகள் குறைவதைக் காட்டியது. ஆனால் உங்கள் ஆய்வில் நேரில் பேசி ஒப்புதல் வாங்குகிறீர்கள் என்றால், பேட்டிக்கு ஒன்று, பதிவேட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும்.

மாத்திரையை விற்றீர்களா என்ற கேள்வி

எந்தச் சேஃப் சப்ளை ஆய்விலும் இது வரும். மாத்திரையைக் கொடுத்து ஃபெண்டனில் வாங்குகிறவர் உண்டு, வாடகைக்காக விற்கிறவர் உண்டு, வித்ட்ராயலில் துடிக்கும் நண்பருக்குப் பாதியைக் கொடுப்பவர் உண்டு. உண்மையைச் சொன்னால் மருந்துச் சீட்டு ரத்தாகலாம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, அந்தப் பயம் நியாயமானது. இந்தப் பதிலும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவும் மருத்துவரிடம் போகாது என்று சொல்வது மட்டும் போதாது, போகாதபடி அமைப்பைக் கட்டியிருக்க வேண்டும்: வேறு கட்டிடம், வேறு கணினி, வேறு ஆட்கள். அப்படிச் செய்ய முடியாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

பணம்

ஆய்வில் பங்கேற்பதற்கான தொகையை ரொக்கமாகக் கொடுங்கள். போதைப்பொருள் வாங்கிவிடுவார்கள் என்று கடைக் கூப்பன் கொடுப்பது அவமானப்படுத்துவது, அதைப் பாதி விலைக்கு விற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பாதியில் எழுந்து போனாலும் முழுத்தொகை, அதையும் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள்.

ஒருமுறை வாங்கினால் முடிந்துவிடாது

நிலைமை நம் கையெழுத்தைவிட வேகமாக மாறும். 2023 ஜனவரி 31 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு 2.5 கிராம் வரை போதைப்பொருள் வைத்திருந்தால் குற்றமில்லை என்றார்கள், 2024 மே மாதம் பொது இடங்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். மாத்திரையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றிருந்தது 2025 பிப்ரவரியில் மாறி, மருந்தாளுநர் முன்னால் விழுங்க வேண்டும் என்று ஆனது. 2024இல் சம்மதித்தவர் சம்மதித்தது வேறு ஒரு ஏற்பாட்டுக்கு. ஒவ்வொரு சந்திப்பிலும், 2 நிமிடம் போதும், என்ன மாறியிருக்கிறது என்று சொல்லி "இன்னும் தொடரலாமா?" என்று கேளுங்கள். விலகுகிறவரிடம் காரணம் கேட்காதீர்கள். இதுவரை சொன்னதை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடவா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவரைத் தேடிப் போவதற்கும் அனுமதி வேண்டும். எந்தத் தங்கும் விடுதியில், யாரிடம் சொல்லிவைக்கலாம், தொலைபேசியில் வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் சேர்த்துக்கொண்ட கேள்வி இன்னொன்று இருக்கிறது, கேட்பதற்குக் கஷ்டமானது: "நீங்கள் இறந்துவிட்டால், நீங்கள் சொன்னதை என்ன செய்யட்டும்?" முதல் தடவை கேட்கும்போது என் குரல் நடுங்கியது. எதிரே இருந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல், வைத்துக்கொள், என் தங்கையிடம் ஒரு நகல் கொடுத்துவிடு என்று அவள் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணைத் தனியாக, பூட்டிய பெட்டியில் வைத்திருக்கிறோம். படிவத்தில் இப்போது அதற்கென்று ஒரு வரி இருக்கிறது.