பல கிளைகளில் உள்ள ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்குக் கன்ட்ரோலரை அடையாளம் காட்டுவது எப்படி?

ஆக்சஸ் பாயின்ட் என்பது வைஃபை தரும் கருவி. பல ஆக்சஸ் பாயின்ட்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது கன்ட்ரோலர். புது ஆக்சஸ் பாயின்ட்டைச் சுவிட்சில் செருகியதும் அது டிஹெச்சிபியிடம் (முகவரி ஒதுக்கும் சேவை) ஐபி முகவரி வாங்கும். அப்புறம் தன் சப்நெட் (அது இருக்கும் நெட்வொர்க் பகுதி) முழுக்க "கன்ட்ரோலர் இருக்கிறதா?" என்று பிராட்காஸ்ட்டில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக, கேட்கும். கன்ட்ரோலர் வேறு ஊர் அலுவலகத்தில் இருந்தால் அந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. முகவரியை நாம்தான் சொல்லித்தர வேண்டும். இங்கே சிஸ்கோ முறையில் விளக்குகிறேன். மற்ற நிறுவனங்களிலும் வழி ஏறக்குறைய இதுதான். பெயர்களும் எண்களும் மாறும்.

படி 1: ஒவ்வொரு கிளையிலும் ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கென்று தனி விலான் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி), தனி டிஹெச்சிபி ஸ்கோப் (அங்கே கொடுக்கும் முகவரிகளின் தொகுப்பு) ஒதுக்குங்கள். எந்தக் கிளைக்கு எது முதன்மைக் கன்ட்ரோலர், எது மாற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஃபயர்வாலில் யுடிபி 5246, 5247 போர்ட்டுகளை இரு திசையிலும் திறங்கள். முதலாவது கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு, இரண்டாவது டேட்டாவுக்கு. பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகிறது என்பதால் போர்ட் திறந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

படி 3: இதுதான் முக்கியம். கிளையின் ஸ்கோப்பில் ஆப்ஷன் 43 சேர்க்க வேண்டும். ஐபி முகவரியோடு சேர்த்து டிஹெச்சிபி அனுப்பும் கூடுதல் தகவல் இது. அதன் மதிப்பு ஹெக்ஸ் எண்களில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) இருக்கும். கன்ட்ரோலரின் முகவரி 192.168.10.5 என்று வைத்துக்கொள்வோம். முதலில் எஃப்1, அது சிஸ்கோவின் அடையாளம். அடுத்து 04, அதாவது பின்னால் 4 பைட் வருகிறது. பிறகு முகவரியின் நான்கு பகுதிகள்: 192 என்பது சி0, 168 என்பது ஏ8, 10 என்பது 0ஏ, 5 என்பது 05. சேர்த்து எழுதினால் எஃப்1 04 சி0 ஏ8 0ஏ 05. மாற்றுக் கன்ட்ரோலரையும் சேர்த்தால் அதன் நான்கு பைட்டையும் கடைசியில் ஒட்டி, 04-ஐ 08 ஆக்குங்கள். நிறைய பேர் இந்த நீளத்தை மாற்ற மறந்துவிட்டு வேறெங்கோ தவறைத் தேடுவார்கள்.

படி 4: டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) வழியும் உண்டு. 'சிஸ்கோ-கேப்வாப்-கன்ட்ரோலர்' (CISCO-CAPWAP-CONTROLLER) என்ற பெயருடன், டிஹெச்சிபி தந்த டொமைன் பெயரைச் சேர்த்து ஆக்சஸ் பாயின்ட் தேடும். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே டொமைன் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வரும். கிளைக்கொரு டொமைன் கொடுத்தால் பதிலையும் பிரிக்கலாம். என் விருப்பம் ஆப்ஷன் 43தான். கிளைவாரியாகத் தெளிவாக இருக்கும்.

படி 5: கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பது வேறு, அதில் சேர்வது வேறு. இரண்டு கன்ட்ரோலர்கள் பதில் சொன்னால், எது பக்கத்தில் இருக்கிறது என்று ஆக்சஸ் பாயின்ட் பார்ப்பதில்லை. எதில் அதிக இடம் மிச்சமிருக்கிறதோ அதில் சேரப் பார்க்கும். அதனால் சேர்ந்தவுடன் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டிலும் முதன்மை, இரண்டாம் கன்ட்ரோலரின் பெயரையும் முகவரியையும் பதிந்துவிடுங்கள். பெயர் கன்ட்ரோலரில் உள்ளபடியே இருக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட.

படி 6: ஒரு கிளையில் ஒரே ஒரு ஆக்சஸ் பாயின்ட்டை மட்டும் முதலில் செருகி, கன்ட்ரோலரின் பட்டியலில் வருகிறதா பாருங்கள். கண்டுபிடித்தும் சேராமல் திரும்பத் திரும்ப முயன்றால் கன்ட்ரோலரின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நேரம் தவறாக இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் டிஜிட்டல் சான்றிதழ் செல்லாததாகிவிடும். வேறு கிளையிலிருந்து கொண்டுவந்த ஆக்சஸ் பாயின்ட் என்றால் பழைய கன்ட்ரோலரின் முகவரி அதன் நினைவகத்தில் இருக்கும். ஆப்ஷன் 43 சரியாக இருந்தாலும் அங்கேயே போய்ச் சேரலாம். இடம் மாற்றும்போது முழுதாக ரீசெட் செய்துவிட்டுச் செருகுங்கள்.