சாமி புத்தகத்தைக் குப்பையில் போடலாமா? தில்லித் தமிழர் வீடுகளில் நடக்கும் தவறுகள்

அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த தில்லித் தமிழர்களுக்குப் பணி ஓய்வு என்றால் வீட்டைக் காலி செய்வதும் சேர்ந்தே வரும். முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த பீரோவும் பாத்திரமும் எப்படியோ யாருக்காவது போய்விடும். கடைசியில் பூசை அலமாரிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி மிஞ்சும். அட்டை கிழிந்த கந்த சஷ்டி கவசம், எண்ணெய்க் கறை படிந்த விஷ்ணு சகஸ்ரநாமம், முதல் பத்துப் பக்கங்கள் இல்லாத திருப்புகழ், விசேஷங்களில் வந்து சேர்ந்த கீதைப் பிரதிகள் நான்கைந்து. "சாமி புத்தகம், குப்பையில் போடக் கூடாது" என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

ராமகிருஷ்ணபுரத்தில் இருந்த எங்கள் வீட்டைக் காலி செய்தபோது நானும் அந்தப் பெட்டியோடு நின்றேன். மாமனார் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. பெட்டியைத் திறக்கவே இல்லை. நல்ல கயிறாகப் போட்டுக் கட்டி, யமுனைப் பாலத்தின் கம்பிவலையில் யாரோ வெட்டி வைத்திருந்த ஓட்டை வழியாகக் கட்டுக் கட்டாக ஆற்றில் விட்டேன். கும்பிட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து மாமியார் கேட்டார்: "அவருடைய திருவாசகத்தை எங்கேயம்மா வைத்திருக்கிறாய்? பின்னட்டையில் குழந்தைகள் பிறந்த நேரமெல்லாம் எழுதியிருந்தாரே, ஜோசியர் கேட்கிறார்."

அன்றிலிருந்து யார் வீடு மாற்றினாலும், பெரியவர் யார் போனாலும், அந்த வீட்டின் புத்தகப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறேன். படிக்க முடியாத அளவுக்குச் சிதைந்த புனித நூலை வீட்டிலிருந்து விடைகொடுத்து அனுப்புவதை எந்த மரபும் பாவம் என்று சொல்லவில்லை. எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் தவறு செய்கிறோம்.

திறந்து பார்க்காமல் கட்டுவது

நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தனியாக நாட்குறிப்பு எழுதும் பழக்கம் குறைவு. எழுத வேண்டியதை எல்லாம் பாராயணப் புத்தகத்தின் ஓரங்களிலும் அட்டையின் உட்புறத்திலும் எழுதினார்கள். பிறந்த நட்சத்திரம், திதி, கடன் கொடுத்த கணக்கு, ஊரில் இருந்த நிலத்தின் சர்வே எண், எந்தப் பாட்டுக்கு எந்த ராகம் என்ற குறிப்பு. பக்கங்களுக்கு நடுவில் பழைய பத்து ரூபாய்த் தாளும் கோயில் ரசீதும் காய்ந்த வில்வ இலையும் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களில் இது இன்னும் முறையாக நடந்திருக்கிறது. பல வீடுகளில் பைபிளின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு எல்லாம் மூன்று தலைமுறைக் கையெழுத்துகளில் வரிசையாக நிற்கும். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்தது. அச்சில் வேதநூல் படித்த பழக்கம் நம்மவர்களுக்கு முந்நூறு ஆண்டுப் பழக்கம். அப்படிப்பட்ட பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுக்கக்கூட நேரம் ஒதுக்காமல் வெளியே அனுப்பினால், போவது புத்தகம் மட்டும் இல்லை.

ஆகவே முதல் வேலை, தரையில் ஒரு பாயை விரித்து ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுவது. ஒரு பெட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பக்தியோடு செய்யப்படும் தவறு இது.

ஆடிப்பெருக்கன்று பழைய ஏட்டுச் சுவடிகளை ஆற்றுக்குக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இருந்தது உண்மை. ஓலை ஒரு தாவரம். நீரில் ஊறும், மட்கும், மீனுக்குக்கூட அதனால் கெடுதல் இல்லை. பழுதான ஏட்டைப் புதிதாகப் பிரதி எடுத்த பிறகு பழையதை நீரில் விட்டிருந்தால் அதில் ஒரு ஒழுங்கும் இருந்திருக்கும். ஆனால் பிரதி எடுக்காமலே விட்ட வீடுகள் எத்தனையோ. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையருக்கு, பழைய சுவடிகளை எல்லாம் ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்ற பதில் கிடைத்தது. அவர் அடைந்த கொதிப்பை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த நெருப்பில் போனவை என்னென்ன நூல்கள் என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

திருஞானசம்பந்தரே ஏட்டை வைகையில் இட்டாரே என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அந்தக் கதையை முழுவதும் சொல்ல வேண்டும். அவர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து நீந்திக் கரை சேர்ந்தது. சேர்ந்த இடத்துக்குத் திருவேடகம் என்று பெயர். ஏடு திரும்பி வந்ததைக் கொண்டாடும் ஊர் அது. தில்லை அறையில் கரையான் அரித்துக் கிடந்த தேவார ஏடுகளை ராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டெடுத்ததாகச் சொல்லும் மரபும் நம்முடையதுதான். நம் கதைகள் எல்லாம் நூலைக் காப்பாற்றியவர்களைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன.

சரி, யமுனைக்கு வருவோம். வஜீராபாத் தடுப்பணையிலேயே நல்ல நீரைக் குடிநீருக்கு எடுத்துவிடுகிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே நஜஃப்கட் கால்வாய் வந்து கலக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரை உள்ள சுமார் 22 கிலோமீட்டரில், மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் சாக்கடை நீர். திருவாசகத்தை வீட்டு வாசல் சாக்கடையில் போடுவாயா என்று கேட்டால் துடித்துப்போகும் நான், பாலத்தின் மேலிருந்து அதைத்தான் செய்திருக்கிறேன். இன்றைய புத்தகத்தில் பிளாஸ்டிக் பூச்சு போட்ட அட்டை, பசை, கம்பித் தையல் எல்லாம் இருக்கின்றன. அவை மட்காமல் கரையில் ஒதுங்கும். 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யமுனையில் பூசைப் பொருள்களைப் போடுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. பாலத்தில் கம்பிவலை இருப்பதும் இதற்காகத்தான். வலையில் ஓட்டை போட்டு ஆற்றுக்குப் புத்தகம் கொடுப்பதை இனி பக்தி என்று என்னால் சொல்ல முடியாது.

அரசமரத்தடியில் விட்டுவிட்டு வருவது

தில்லியில் எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் ஓர் அரசமரத்தடியில் உடைந்த பிள்ளையார், கண்ணாடி போன லட்சுமி படம், அதன்மேல் ஒரு புத்தகக் கட்டு. வைத்தவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலை ஆறு மணிக்குத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அதை அள்ளி, மற்ற குப்பையோடு வண்டியில் போடுவார். நம் கையால் போட அஞ்சியதை அவர் கையால் போட வைக்கிறோம். பாவம் என்று ஒன்று இருப்பதாகவே நம்பினால், அதைக் கூலி குறைவாக வாங்கும் ஒருவர் தலையில் இறக்கி வைப்பது என்ன நியாயம்? கோயில் வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டு வருவதும் இதே வகைதான். கோயிலுக்குக் கொடுப்பதானால் அலுவலகத்தில் கேட்டு, வாங்கிக்கொள்வார்கள் என்றால் மட்டும் கொடுங்கள்.

பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவதில் வேறொரு சங்கடம். கட்டு பிரிந்து, தாள் தாளாகக் கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும். அபிராமி அந்தாதி அச்சான தாளில் எண்ணெய்ப் பலகாரம் மடித்துத் தந்தால் வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வராது. ஆனாலும் காகிதக் கூழாக்கும் ஆலைக்கு நேராகப் போகும் என்று உறுதி இருந்தால் மறுசுழற்சியில் எனக்குத் தடை இல்லை. காகிதம் மறுபடி காகிதமாவது மதிப்பான முடிவுதான்.

மொட்டை மாடியில் எரிப்பதையும் சிலர் செய்கிறார்கள். தில்லிக் காற்றுக்கு இது ஆகாது. திறந்தவெளியில் கழிவுகளை எரிப்பதற்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் அபராதம் உண்டு.

பிற மதத்தாரின் நூலை நம் வழக்கப்படி கையாளுவது

தில்லியில் பல மதத்தார் ஒரே மாடிப்படியை ஏறி இறங்குகிறோம். அன்பளிப்பாக வந்த குட்காவும் குர்ஆன் மொழிபெயர்ப்பும் பைபிளும் நம் வீட்டில் இருப்பது சாதாரணம். இங்கே நம் யோசனையில் எதையும் செய்யாமல், அந்த மதத்தைச் சேர்ந்தவரையே கேட்பது நல்லது.

குட்கா என்றால் சீக்கியர்களின் சிறிய பிரார்த்தனை நூல். அதை குருத்வாராவில் ஒப்படைத்தால் போதும். 1708-இல் குரு கோவிந்த் சிங் தமக்குப் பின் குரு கிரந்த சாகிபே குரு என்று சொன்னதால், 1,430 பக்கங்கள் கொண்ட அந்த நூலை அவர்கள் உயிருள்ள குருவாகவே நடத்துகிறார்கள். முதிர்ந்த பிரதிகளைப் பஞ்சாபின் கோயிந்த்வாலுக்குக் கொண்டுபோய், ஒரு பெரியவருக்குச் செய்வது போலவே தகனம் செய்கிறார்கள். எதிர் வீட்டு சர்தார்ஜி இதை எனக்கு விளக்கிய பிறகு, நான் ஆற்றில் எறிந்த கட்டை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முஸ்லிம்கள் பழுதான குர்ஆனைத் தூய துணியில் சுற்றி, யார் காலும் படாத இடத்தில் புதைப்பார்கள். கலீஃபா உஸ்மான் மூலப் பிரதியை ஒழுங்குபடுத்தியபோது மற்ற ஏடுகளை எரிக்கச் செய்ததைக் காட்டி, எரிப்பதையும் ஏற்கும் அறிஞர்கள் உண்டு. பள்ளிவாசலில் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கத்தோலிக்கர்கள் மந்திரித்த பொருளைப் புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். குருத்தோலை ஞாயிற்றின் ஓலைதான் அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்குச் சாம்பலாகிறது. யூதர்களோ இறைவன் பெயர் எழுதிய எதையும் எறியாமல், புதைக்கும் நாள் வரை ஓர் அறையில் சேர்ப்பார்கள். கெய்ரோவில் புதைக்கப்படாமலே தங்கிவிட்ட அப்படி ஓர் அறையின் ஏடுகள் 1897-இல் கேம்பிரிட்ஜுக்குப் போயின. அந்தக் குவியலில் நம் மேற்குக் கடற்கரையோடு மிளகு வாணிகம் செய்தவர்களின் கடிதங்களும் இருந்தன. ஆடிப்பெருக்கு வெள்ளத்தை நினைத்தால் எனக்கு அந்த அறை நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மதத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, அல்லது அது இழிவாகக் கருதப்படும் என்று தெரிந்தே, புனிதப் பொருளைச் சிதைப்பதுதான் குற்றம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 298-ஆவது பிரிவு. புனித நூலும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1958-இலேயே சொல்லியிருக்கிறது. கிழிந்த நூலை மரியாதையாக மண்ணுக்குக் கொடுப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த மதத்தாரின் நூலைத் தெருவில் வீசுவதை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள்.

இப்போது நான் செய்வது

படிக்கும் நிலையில் இருப்பதை முதலில் படிப்பவரிடம் சேர்க்கிறேன். தில்லியில் தமிழ்ப் புத்தகத்துக்கு ஆள் கிடைப்பதே அரிது. திருப்புகழ் வகுப்பு, சஷ்டிப் பாராயணக் குழு, புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி என்று கேட்டுப் பார்ப்பேன். ஒருமுறை ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போன உறவினர் ஒரு பை நிறையக் கொண்டுபோனார். அறுபது எழுபது ஆண்டுப் பழைய பதிப்பு என்றால், நூலகம் எதையாவது கேட்காமல் ஒரு தாளையும் பிரிப்பதில்லை.

மிச்சம் இருப்பது நிஜமாகவே சிதைந்தவை. அட்டையையும் கம்பியையும் எடுத்துவிட்டு, தையல் நூலை அறுத்துத் தாள்களைப் பிரித்து, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைக்கிறேன். கூழானதும் துளசித் தொட்டியின் அடியிலோ குடியிருப்புத் தோட்டத்தின் வேலியோரத்திலோ மண்ணோடு கலந்துவிடுகிறேன். புதைப்பதற்கு முன் ஒரு பாட்டாவது அதிலிருந்து படிக்கிறேன். இதற்குச் சாத்திரம் எதுவும் இல்லை. திறக்காமல் விட்ட திருவாசகத்துக்கு நான் பட்ட கடன்.

பூசைப் புத்தகத்தைவிட அதிகமாகச் சேருவது திருமணப் பத்திரிகை. ஒவ்வொன்றிலும் பிள்ளையார், திருப்பதிப் பெருமாள், மீனாட்சி கல்யாணம். வாங்குகிறவர் எல்லோருக்கும் ஒரு தர்மசங்கடத்தை அனுப்பி வைக்கிறோம். என் மகள் திருமணத்துக்குப் படம் எதுவும் இல்லாமல் மேலே பிள்ளையார் சுழி மட்டும் அச்சடித்தோம். "சாமி படம் இல்லாத பத்திரிகையா?" என்று என் பெரியப்பா வருத்தப்பட்டார். "அந்தக் காலத்தில் மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போட்டுத்தானே பெரியப்பா எழுதினீர்கள்?" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் மட்டும் மறக்காமல் தடவச் சொன்னார்.