காலாணி என்று நினைத்தது மரு: மூன்று மாதத்தில் எடுத்த கதை

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதில்லை. மழைக்காலம் முழுக்க கம்பூட்ஸுக்குள் கால் ஊறிக் கிடக்கும். போன ஆடியில் என் வலது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், மிளகளவில் ஒன்று தடித்தது. காலாணி என்று நானே முடிவு கட்டி, மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன். பிளாஸ்திரி பூட்ஸ் ஈரத்தில் நகர்ந்து பக்கத்திலிருந்த நல்ல தோலை வெளுக்க வைத்ததுதான் மிச்சம். அதற்குள் பக்கத்திலேயே இன்னும் இரண்டு. அக்காதான் கேட்டாள், "ஏன்டா, ஆணி குட்டி போடுமா?"

போடாது. மருதான் போடும், ஏனென்றால் அது ஹெச்.பி.வி. என்ற வைரஸ் வேலை. (கூகுளில் தேடிப் பயந்துவிடாதீர்கள், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயோடு பேசப்படும் 16, 18 வகைகள் வேறு, கை கால் மருவுக்குப் பெரும்பாலும் 1, 2, 4 போன்ற வகைகள்தான் காரணம்.) ஆணி என்பது செருப்போ எலும்போ அழுத்தி அழுத்தித் தோல் காய்த்துப்போவது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது: ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும், மருவை இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளினால் வலிக்கும். உள்ளங்கால் ரேகை ஆணியின் மேல் தொடர்ந்து ஓடும், மருவைத் தொட்டதும் விலகிப்போகும். மேல்தோலைத் தேய்த்தால் மருவில் கரும்புள்ளிகள் தெரியும். அதை வேர் என்பார்கள், வேர் எதுவும் இல்லை, இரத்தம் உறைந்த நுண்குழாய்கள் அவை. பிளேடால் நோண்டி "வேரை" எடுக்கப் போகாதீர்கள், புண்தான் ஆகும்.

மருந்து: சாலிசிலிக் அமிலம் சுமார் 17 சதவீதம், கூடவே லாக்டிக் அமிலமும் கலந்த திரவம், சின்னக் குப்பியில் வரும். கடையில் காலாணி என்று கேட்காமல் மரு என்று சொல்லிக் கேளுங்கள். மலைக்கு மேல், கேரளாப் பக்கக் கடை என்றால் மலையாளத்தில் 'அரிம்பாற' என்று கேளுங்கள், சட்டென்று புரியும்.

இரவில் காலைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். அடுத்துத் தேய்க்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். முதல் ஒரு மாதம் தேய்க்காமலே தினமும் மருந்தை மட்டும் பூசினேன், முந்தின நாள் மருந்தில் செத்து வெளுத்த தோலின் மேலேயே மறுநாளும். உயிரோடு இருக்கும் மருவுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை. அந்த வெள்ளைப் படலத்தைத் தேய்த்து எடுத்த பிறகு பூச ஆரம்பித்ததும்தான் மரு இளக ஆரம்பித்தது. வலிக்கும்வரையோ இரத்தம் வரும்வரையோ தேய்க்கக் கூடாது, இளஞ்சிவப்பு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். தேய்க்க என் விருப்பம் தச்சர்கள் வாங்கும் உப்புத்தாள்தான். விரலளவு துண்டாக வெட்டி, ஒரு முறை தேய்த்ததும் குப்பையில் போட்டுவிடலாம். குளியலறைக் கல்லில் தேய்த்தால் அந்தக் கல்லை வீட்டில் எல்லோரும் தேய்ப்பார்கள், வைரஸும் வீடு சுற்றும்.

அப்புறம் மருவைச் சுற்றி வாசலின் தடவுங்கள், நல்ல தோல் வேகாமல் இருக்க. மூடியோடு வரும் தூரிகை தேவைக்கு மேல் பெரிது, பல்குத்தும் குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்து மருவின் நடுவில் மட்டும் வைத்தால் போதும். மருந்து தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ உட்கார்ந்து பூசாதீர்கள். காய்ந்ததும் மேலே ஒரு பிளாஸ்திரி. எரிச்சல் அதிகமானால் இரண்டு நாள் விட்டுவிட்டுத் தொடருங்கள். தினமும் செய்தாலும் 12 வாரம்வரை ஆகலாம், எனக்கு முதல் மாதத்தை விட்டுவிட்டு எண்ணினால் ஒன்பது வாரம். கரும்புள்ளி போய் ரேகை திரும்ப ஓடினால் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் நிறுத்தினால் திரும்ப வரும்.

பின்சேர்க்கை: எழுதிய பிறகு வந்த கேள்விகள். மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது, பூசலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது, கால் மரத்துப்போனவர்களுக்குப் புண் ஆவதே தெரியாது, டாக்டரிடம் காட்டுங்கள். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இந்த மருந்து படக் கூடாது. கழுத்தில் காம்போடு தொங்குவதையும் நாம் மரு என்றுதான் சொல்கிறோம், அது வெறும் தோல் தொங்கல், இந்த முறை அதற்கில்லை. அம்மான் பச்சரிசிப் பால் தடவிப் போயிற்று என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். போயிருக்கலாம், பிள்ளைகளின் மருவில் பெரும்பாலானவை இரண்டு வருடத்தில் எதுவும் செய்யாமலே உதிர்ந்துவிடும், கோயிலில் உப்பும் மிளகும் போட்டதற்குப் பலன் கிடைப்பதும் பாதி அப்படித்தான். 12 வாரமும் ஒழுங்காகச் செய்து அசையவில்லை என்றால் தோல் டாக்டரிடம் போங்கள், திரவ நைட்ரஜன் வைத்து உறையவைப்பார்கள், சில வார இடைவெளியில் நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும், அன்றைக்குப் பூட்ஸ் போடுகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.